அவுட்டு சார் வாங்கிய ஒரே கோப்பை

தன் அணியைத் தானே அதிக முறை தோற்கடித்த டென்னிஸ் பயிற்சியாளர் யார் என்று உலக அளவில் ஒரு போட்டி வைத்தால், எங்கள் கல்லூரி அவுட்டு சார் இறுதிச் சுற்றுவரை சுலபமாக வந்துவிடுவார். அங்கே, கடைசிப் பந்து கோட்டுக்கு வெளியே விழுந்ததென்று தானே எழுந்து சொல்லி, அதிலும் தோற்றுவிடுவார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மாணவர்களுக்கு அவுட்டு சார், வாட்ச்மேனுக்கு அவுட்டு சார், முதல்வருக்கும் முதுகுப்பக்கம் அவுட்டு சார்தான். புதிதாக வந்த கிளார்க் ஒருவர் அதுதான் பெயர் என்று நம்பி அடையாள அட்டையில் 'திரு. அவுடு' என்று அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். சார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு 'ட்' விட்டுப்போயிருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

டென்னிஸ் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். பந்து கோட்டுக்குள் விழ வேண்டும். கோட்டின் மேல் பட்டாலும் உள்ளேதான். தாண்டி விழுந்தால் அவுட்; புள்ளி எதிராளிக்கு. பெரிய போட்டிகளில் கோட்டுக்கு ஒரு நடுவர் நிற்பார். கல்லூரிப் போட்டிகளில் ஒருவர் கிடைப்பதே அதிசயம். அதனால் தன் பக்கம் விழுந்த பந்தை அவரவரே பார்த்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். இதைவிடப் பொய் சொல்ல வசதியான விளையாட்டு வேறு கிடையாது என்பது என் அபிப்பிராயம். சார் இந்த வசதியை ஒருநாளும் பயன்படுத்திக்கொண்டதில்லை. மற்றவர்களையும் விட்டதில்லை.

நான் வேதியியல் ஆசிரியை. தேனியிலிருந்து போடி போகிற சாலையில் இருந்த எங்கள் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே, பெண்கள் அணி வெளியூர் போனால் கூடப்போக ஒரு ஆசிரியை வேண்டும் என்றார் முதல்வர். எல்லோரும் குனிந்து ஏதோ எழுத ஆரம்பித்தார்கள். நான் புதிது, குனியத் தெரியவில்லை. அன்று கையில் வாங்கிய தண்ணீர் கேனைப் பதினெட்டு வருடம் இறக்கி வைக்கவில்லை.

முதல் பயணம் திண்டுக்கல்லுக்கு. எங்கள் பெண் அடித்த பந்து அந்தக் கோடியில் போய் விழுந்தது. எதிரணிப் பெண்ணே அதை உள்ளே என்று ஒப்புக்கொண்டு அடுத்த பந்துக்குத் தயாராகிவிட்டாள். அப்போது எனக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வெடித்தது. அவுட்டு. ஆட்டம் நின்றது. எங்கள் பெண் திரும்பி, "சார், அது நம்ம பந்து சார்" என்றாள், அழாத குறையாக.

"நம்ம பந்துன்னா கோடு நகந்து வருமா?" என்றார் சார்.

அந்த ஆட்டத்தில் தோற்றோம். அந்த வருடம் முழுக்கத் தோற்றோம். நான் தண்ணீர் கேனோடு போய்த் தண்ணீர் கேனோடு திரும்பினேன்.

அவர் ஆட்டக்காரராக இருந்த காலத்தில் நன்றாகவே ஆடியவர். பல்கலைக்கழக அணியில் இருந்திருக்கிறார். மாநில அளவிலும் சில சுற்று போயிருக்கிறார். வருடக்கணக்காக மட்டை பிடித்ததில் அவருடைய வலது முன்கை இடது கையைப்போல ஒன்றரை மடங்கு. தேனி பஜாரில் அவருக்குச் சட்டை தைக்கிற டெய்லர் இரண்டு கைக்கும் தனித்தனியாக அளவெடுத்து எழுதி வைத்திருந்தார். ஒருமுறை கடைப்பையன் அளவை மாற்றித் தைத்துவிட, சார் அந்தச் சட்டையை வீணாக்காமல் ஒரு வருடம் போட்டுக்கொண்டு அலைந்தார். கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கும்போது மட்டும் தையல் இழுபடுகிற சத்தம் கேட்கும்.

இவ்வளவு ஆடியவர் ஏன் மேலே போகவில்லை என்பதற்குக் கல்லூரியில் மூன்று கதைகள் உலவின. முழங்காலில் அடி என்பது ஒன்று. தேர்வுக்குழுவில் உள்ளடி வேலை என்பது இன்னொன்று. மூன்றாவதில் ஒரு பெண் வந்தாள். ஒருநாள் பஸ்ஸில் நானே கேட்டுவிட்டேன். "என்னையவிட நல்லா ஆடுறவுக நெறையப் பேரு இருந்தாக மேடம்" என்றார். அப்படி ஒரு காரணத்தை அதற்குமுன் நான் யார் வாயிலும் கேட்டதில்லை.

கோர்ட்டை அவரே போட்டார். கரையான் புற்று மண்ணையும் செம்மண்ணையும் சலித்துக் கலந்து, தண்ணீர் தெளித்து, கல் உருளையை இழுத்து இழுத்துச் சமப்படுத்திய மண் கோர்ட். தினமும் காலையில் கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போடுவார். பக்கத்துக் காட்டு ஆடுகள் வேலியில் புகுந்து உள்ளே வரும். சார் கம்பெடுக்க மாட்டார், கல்லெடுக்க மாட்டார். நின்ற இடத்தில் நின்று அவுட்டு என்பார். ஆடுகள் வந்த வழியே போய்விடும். ஆடுகளோடு வந்த அம்மாவுக்கு அதில் வருத்தம். தன் பேச்சை அவை கேட்பதில்லையாம்.

இந்தக் குணம் கோர்ட்டோடு நின்றிருந்தால் நிர்வாகத்துக்குத் தொல்லையில்லை. ஆசிரியர் கூட்டத்தில் முதல்வர், நமது கல்லூரி இந்தப் பள்ளத்தாக்கிலேயே முதலிடத்தில் இருக்கிறது என்று ஆரம்பித்தார். கடைசி வரிசையிலிருந்து அந்தச் சொல் வந்துவிட்டது. வேண்டுமென்று சொன்னதில்லை, தும்மல் மாதிரி வந்தது. முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, முதல் சில இடங்களில் இருக்கிறது என்று திருத்திக்கொண்டு தொடர்ந்தார். கடைசி வரிசை அமைதியாக இருந்தது.

கல்யாண விசாரிப்புகள் தனி. மாப்பிள்ளை எங்கள் பழைய மாணவர் என்றால், பஜார் கடைக்காரர்கள் நேராக சாரிடம்தான் வருவார்கள். போடியிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர் வந்து, பையன் குணம் எப்படி என்று கேட்டார். கோபக்காரன், சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டான், வேகமாக ஓடுவான், தோற்றால் இரண்டு நாள் பேச மாட்டான் என்றார் சார். கடைக்காரர் அந்தச் சம்பந்தத்தை முடித்தார். தன் மகளும் அதே ரகம் என்றாராம்.

தரச்சான்று கொடுக்கிற குழு ஒன்று கல்லூரிக்கு வந்தபோதுதான் நிஜமாகவே பயந்தோம். என் ஆய்வுக்கூடத்தில் இருந்த பாதிக் கருவிகள் வேறு கல்லூரியிலிருந்து இரவல் வாங்கி அடுக்கியவை. டென்னிஸ் ஆடுகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டால் அறுபது என்று சொல்லும்படி சாருக்கு முதல்வர் மூன்று தடவை சொல்லிக்கொடுத்திருந்தார். குழுத்தலைவர் கோர்ட்டுக்கு வந்து கேட்டார்.

"ஏழு பேரு. அதுல ஒருத்தன் காலு ஒடஞ்சு கெடக்கான்" என்றார் சார்.

முதல்வர் முகம் போன போக்கை நான் விவரிக்க விரும்பவில்லை. ஆனால் குழுத்தலைவர் ஒரு பழைய டென்னிஸ் ஆட்டக்காரராக இருந்துவிட்டார். அந்த மண்ணைக் காலால் தேய்த்துப் பார்த்தார். போட்டிருந்த மேல்கோட்டைக் கழற்றித் தரையில் வைத்தார். ஒரு மட்டை கிடைக்குமா என்று கேட்டார். சாயங்காலம்வரை இரண்டுபேரும் ஆடினார்கள். குழுவிலிருந்த மற்றவர்கள் நிழலில் உட்கார்ந்து பார்த்தார்கள். வேதியியல் துறைக்கு வரக் குழுவுக்கு நேரமில்லாமல் போயிற்று. அன்றிலிருந்து சார் மேல் எனக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு மரியாதை.

இனி காற்று. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலைக் கணவாய் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்குள் இறங்குகிற காற்று வாழைத்தோட்டங்களைச் சாய்த்துவிட்டுத்தான் எங்கள் கல்லூரிக்கு வரும். அந்தக் காற்றில் ஆடிப் பழகிய எங்கள் பிள்ளைகள், பந்தைக் கோட்டுக்கு இரண்டடி வெளியே குறிவைத்து அடிப்பார்கள். காற்று அதை உள்ளே கொண்டுவந்து போடும். இங்கே இது பிரமாதமாக வேலை செய்தது. மதுரையில் காற்று இல்லை. அங்கே போய் இரண்டடி வெளியே குறிவைத்த பந்துகள் சரியாக இரண்டடி வெளியே போய் விழுந்தன. அவுட்டு என்று முதலில் சொல்கிறவர் எங்கள் பயிற்சியாளர்.

வேல்மணி வந்தது இந்த லட்சணத்தில்தான். மயிலாடும்பாறைப் பக்கத்திலிருந்து வந்த பெண். கணிதம் முதல் வருடம். ஊருக்குப் போகிற பஸ் வரும்வரை கோர்ட்டு ஓரத்துப் புங்கமர நிழலில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் பயிற்சி ஆட்டத்தில் சார் ஒரு பந்தை அவுட்டு என்றார். மரத்தடியிலிருந்து, "அது உள்ள விழுந்துச்சு சார்" என்றது ஒரு குரல்.

அவரை அப்படி மறுத்துச் சொன்ன முதல் ஆள் அவள்தான். சார் போய்க் குனிந்து பார்த்தார். மண் கோர்ட்டில் பந்து விழுந்த தடம் அப்படியே இருக்கும். தடத்தின் ஓரம் சுண்ணாம்பில் இருந்தது. புள்ளியை இழந்த பையனிடம் எல்லோர் எதிரிலும் மன்னிப்புக் கேட்டார். இரண்டு நாள் விழுந்த பந்தையெல்லாம் போய்க் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மரத்தடிக்குப் போய் வேல்மணியிடம் ஒரு மட்டையை நீட்டினார். அவளுக்கு ஆட வருமா என்று நான் கேட்டேன். தெரியாது, பார்க்க வரும் என்றார்.

ஆடவும் வந்தது. ஒரே வருடத்தில் கல்லூரியில் அவளை ஜெயிக்க ஆளில்லை. வெளியூர்ப் போட்டிக்கு அழைத்துப்போகத்தான் அவள் அப்பா சம்மதிக்கவில்லை. நேரில் போய்ப் பேசலாம் என்று சார் கூப்பிட்டார். போகிற வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குப் பாடம் எடுத்தேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்று சொல்லுங்கள். பெயர் பேப்பரில் வரும் என்று சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அப்பா முருங்கைத் தோட்டத்தில் இருந்தார். உட்காரச் சொல்லி மோர் கொடுத்துவிட்டு நேராகக் கேட்டார். "இந்தப் பந்தை அடிச்சு என்ன சார் ஆகப்போகுது?"

"ஒண்ணும் ஆகாது" என்றார் சார்.

நான் மோரைக் கீழே வைத்தேன். வேலை கிடைக்குமா என்று கேட்டார் அவர். தெரியாது என்றார் சார். இதுவரை தன்னிடம் ஆடியவர்களில் இரண்டு பேருக்குக் கிடைத்தது, மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. இந்த வருடம் ஜெயிப்பாளா? மாட்டாள். அடுத்த வருடம்? சொல்ல முடியாது. பிறகு எதற்குத்தான் கூப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்டார். சார் கொஞ்சம் யோசித்தார். அவள் ஆடும்போது நன்றாக இருக்கிறது என்றார்.

அப்பா எழுந்து போய் ஒரு முருங்கைக் கொப்பை ஒடித்து வந்து மறுபடி உட்கார்ந்தார். நான் பஸ் நேரத்தைப் பார்த்தேன்.

"வெதைக்கடைக்காரரு வந்தாக, நல்லாருக்கும்னு சொன்னாக. போர் போடுறவரு வந்தாக, தண்ணி பீச்சிக்கிட்டு வரும்னு சொன்னாக. மருந்துக்கடைக்காரரும் வந்து சொன்னாக" என்று நிதானமாக ஆரம்பித்தார். "ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லி எங்கிட்ட வந்த ஆளு நீங்க ஒருத்தருதான். கூட்டிட்டுப் போங்க சார்."

அந்த வருடம் சார் சொன்னபடியே வேல்மணி ஜெயிக்கவில்லை. காற்று இல்லாத ஊர்களுக்கு அவளும் தப்பவில்லை. அடுத்த வருடம்தான் பல்கலைக்கழக அளவிலான பெண்கள் போட்டியை நடத்துகிற வாய்ப்பு எங்கள் கல்லூரிக்கு வந்தது. அதுவும் ஆடி மாதத்தில். நடத்த வேண்டிய வேறு கல்லூரியில் ஏதோ கட்டட வேலை.

அதே சமயத்தில் எங்கள் தாளாளருக்கும் ஒரு கட்டட வேலை மனதில் இருந்தது. கல்லூரிப் பஸ்கள் நிறுத்த இடமில்லை. கோர்ட்டு இருந்த இடம் வாசலுக்குப் பக்கம். முப்பது வருடமாக ஒரு கோப்பை வராத இடத்தை எதற்கு வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்டார். இந்தத் தடவை கோப்பை வந்தால் கோர்ட்டைத் தொட மாட்டேன் என்று கூட்டத்தில் வாக்குக் கொடுத்தார். எங்கள் வரலாறு தெரிந்துதான் கொடுத்தார். சார் அன்று முழுக்கக் கோர்ட்டில் உருளையை இழுத்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற அவருக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. கோர்ட்டு தனக்கு முன்னால் போய்விடக் கூடாது என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

எங்கள் காற்று, எங்கள் மண், எங்கள் வேல்மணி. முதல் தடவையாக நாங்கள் ஜெயிப்போம் என்று எனக்கே தோன்றியது.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னதாக மதுரைக் கல்லூரி அணி வந்து இறங்கியது. வழக்கமாகக் கோப்பை வாங்குகிற அணி. அவர்களுடைய முதல் ஆட்டக்காரி நிவேதா பயிற்சிக்கு வந்து, சர்வீஸ் போடப் பந்தை மேலே தூக்கிப் போட்டாள். மட்டையை ஓங்கினாள். பந்து அங்கே இல்லை. அது அவளுக்குப் பின்னால் வேலியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மறுபடி போட்டாள்; மறுபடி போனது. எங்கள் பெண்கள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நானும்தான். ஆசிரியை என்பதால் தண்ணீர் கேனுக்குப் பின்னால் திரும்பிக்கொண்டேன்.

சார் சிரிக்கவில்லை. "அந்தப் புள்ள பந்தைப் போட்டுட்டு வானத்தைப் பாத்துக்கிட்டே நிக்குது மேடம்" என்றார். பிறகு கோர்ட்டுக்குள் இறங்கி நடந்து, நிவேதாவிடம் போய்விட்டார். பந்தை எவ்வளவு தாழ்வாகப் போட வேண்டும், காற்றுக்கு எதிர்ப்பக்கம் நின்றால் எவ்வளவு ஓங்க வேண்டும், காற்றோடு அடித்தால் எங்கே குறிவைக்க வேண்டும் என்று இரண்டு நாளும் காலையும் மாலையும் சொல்லிக்கொடுத்தார். எங்கள் பிள்ளைகள் இரண்டு வருடத்தில் கற்றதை அந்தப் பெண் இரண்டு நாளில் கற்றாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. கோர்ட்டு போய்விடும் சார் என்றேன்.

"காத்து நம்ம வீட்டுச் சொத்தா மேடம்?" என்றார்.

வேல்மணி அவரிடம் பேசுவதை நிறுத்தினாள். பயிற்சிக்கு வருவாள், ஆடுவாள், போவாள். இரண்டாம் நாள் மாலை மட்டையை உறையில் போட்டுக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "நீங்க யாரு பக்கம் சார்?"

"ஒன் பக்கந்தான். அதுக்காக அந்தப் புள்ள ஒண்ணும் புரியாம தோத்துட்டுப் போகணுமா?" என்றார் சார். அவள் மட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

எதிர்பார்த்தபடியே இறுதிச் சுற்றுக்கு அவர்களும் நாங்களும் வந்தோம். ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்து, மூன்றாவதில் வேல்மணிக்கு எதிரே நிவேதா. அதில் ஜெயிப்பவர்களுக்குக் கோப்பை. நடுவராக வர வேண்டியவருக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. யாரை உட்கார வைப்பது என்று பேச்சு வந்தபோது, மதுரைப் பயிற்சியாளரே, அவுட்டு சார் உட்காரட்டும் என்றார். ஆடுகிற அணியின் பயிற்சியாளரே நடுவர் என்பது எந்த ஊரிலும் நடக்காத காரியம். அங்கே ஒருவர்கூட ஆட்சேபிக்கவில்லை. எங்கள் தாளாளருக்கு மட்டும் ஆட்சேபம் இருந்தது. வெளியே சொல்ல முடியாத ஆட்சேபம்.

வேதியியல் ஆய்வுக்கூடத்து மேஜையைப் போட்டு, அதன்மேல் ஒரு நாற்காலியைப் போட்டு, அதன்மேல் சார் ஏறி உட்கார்ந்தார். இரண்டு மணிநேரம் ஆடினார்கள். அதை விவரிக்கிற அறிவு எனக்கு இல்லை. புழுதி பறந்தது, ஒருத்தி அடித்ததை மற்றவள் எடுத்தாள், நான் கேனிலிருந்த தண்ணீரை எல்லாம் நானே குடித்துவிட்டேன். கடைசியில், இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் வேல்மணிக்கு வெற்றி என்ற இடத்துக்கு வந்தது.

வேல்மணி பக்கக் கோட்டை ஒட்டி அடித்தாள். பந்து அந்த மூலையில் விழுந்தது. நிவேதாவுக்கு எட்டவில்லை. அந்த நேரம் பார்த்துக் காற்று ஒரு புழுதியை வாரி அடித்தது.

எல்லோரும் மேஜைமேல் இருந்தவரைப் பார்த்தோம். வழக்கமாகப் பந்து தரையைத் தொடுமுன் அவர் குரல் வந்துவிடும். வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. மெதுவாக இறங்கினார். நடந்துபோய் அந்த மூலையில் குனிந்தார். காற்று தடத்தை மெழுகிவிட்டுப் போயிருந்தது. நிமிர்ந்தார்.

"எனக்குத் தெரியல" என்றார்.

வேலிக்கு வெளியே நின்ற கூட்டம் அதைச் சரியாகக் கேட்டோமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. சார் நிவேதாவிடம் திரும்பினார். உன் பக்கம் விழுந்த பந்து, நீ பக்கத்தில் இருந்தாய், பார்த்தாயா என்று கேட்டார். வேலிக்குப் பின்னால் மதுரைப் பயிற்சியாளர் இரண்டு கைவிரல்களையும் உயர்த்தி வெளியே, வெளியே என்று காட்டிக்கொண்டிருந்தார். நிவேதா அவரைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"கோட்டுல பட்டுச்சு சார். சுண்ணாம்பு பறந்துச்சு."

சார் தலையாட்டிவிட்டு நடந்து, மேஜையில் ஏறி, நாற்காலியில் உட்கார்ந்து, முறைப்படி எங்கள் கல்லூரி ஜெயித்ததாக அறிவித்தார். வேறு யாருக்கோ அறிவிக்கிற மாதிரி இருந்தது. எங்கள் பிள்ளைகள் கத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். வேல்மணி வலையைத் தாண்டிப் போய் நிவேதாவைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேருடைய அழுகையும் புழுதியில் சேறாகிவிட்டது.

அவர்கள் பஸ் ஏறும்போது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். மதுரைப் பயிற்சியாளர் பொருமிக்கொண்டிருந்தார். அவரே தெரியலன்னு சொன்னார், நீயும் தெரியலன்னு சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததே சார் என்றாள் நிவேதா.

சார் கோப்பையை ஒரு பக்கக் காதைப் பிடித்து வாளி மாதிரித் தூக்கிக்கொண்டு புங்கமரத்தடிக்கு வந்தார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "வலது கண்ணு ஒரு வருசமாவே மங்கல் மேடம். இன்னைக்குச் சுத்தமாத் தெரியல" என்றார்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றேன். யாரும் கேட்கவில்லை என்றார். கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவுட்டுன்னு வாயில வந்துருச்சு மேடம். பாக்காமயே, பழக்கத்துல. மென்னு முழுங்கிட்டேன்."

கோப்பையைக் கீழே வைத்தார். நான் கேனைச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் ஒரு வாய்த் தண்ணீர் மிச்சம் இருந்தது. கொடுத்தேன்.

அவர் மனைவி முன்பே தவறிவிட்டார், மகள் எர்ணாகுளத்தில். மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஆள் வேண்டும் என்றார்கள். மதுரைக்கு ஆட்களை அழைத்துப்போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவதில் எனக்குத்தான் அனுபவம் அதிகம். கண் அறுவை முடிந்து கட்டு அவிழ்த்த அன்று டாக்டர் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். சார் கடைசி வரிவரை படித்துவிட்டு, மூன்றாவது வரியில் ஒரு எழுத்து கோணலாக அச்சாகியிருக்கிறது என்றார். டாக்டர் எழுந்துபோய்ப் பார்த்தார். ஆமாம். பிறகு சார் என் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தார்.

"மேடம், நீங்க இம்புட்டு நரைச்சிட்டீகளா?"

தாளாளர் வாக்கைக் காப்பாற்றினார். சார் ஓய்வு பெறும்வரை. பிரிவு உபசாரக் கூட்டத்தில், இவர் உருவாக்கிய கோர்ட்டு என்றென்றும் இருக்கும் என்று முழங்கினார். மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த சாரை அரங்கம் முழுக்கப் பார்த்தது. அவர் தண்ணீர் குடித்தார். வெளியே வந்ததும் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டேன். பந்து இன்னும் கீழே விழவில்லை மேடம் என்றார். அடுத்த மாதம் விழுந்தது. இப்போது அங்கே ஆறு பஸ்கள் நிற்கின்றன. கோப்பை முதல்வர் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

வேல்மணி கம்பத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. வேலை கிடைத்த சேதியைச் சொல்ல அவள் அப்பா ஒரு கட்டு முருங்கைக்காயோடு சார் வீட்டுக்குப் போயிருக்கிறார். ஒண்ணும் ஆகாது என்று நீங்கள் சொன்னது தப்பாகப் போய்விட்டதே என்றாராம். சார் ஒப்புக்கொண்டாராம்.

நானும் போன வருடம் ஓய்வு பெற்றேன். சார் கெங்குவார்பட்டியில் இருக்கிறார். பெரியகுளம் பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் எதிர்ப்பட்டார். கையில் மட்டை. அங்கே அரசு அலுவலர்கள் ஆடுகிற பழைய கோர்ட்டு ஒன்று இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாகக் கிடக்குமாம். பிறகு கேட்டார்: "இத்தன வருசம் கேனைத் தூக்கிக்கிட்டு வந்தீகளே மேடம், ஒரு தடவயாச்சும் அடிச்சுப் பாக்கணும்னு தோணலயா?"

தோன்றியிருக்கிறது. நிறைய தடவை. யாரும் கேட்கவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் தேனியிலிருந்து பஸ் பிடித்துப் போகிறேன். சேலைக்குக் கீழே நான் போடுகிற கேன்வாஸ் ஷூவைப் பார்த்து வீட்டில் என் கணவர் இன்னும் சிரித்து முடிக்கவில்லை. நான் அடிக்கிற பத்துப் பந்தில் ஆறு வலையில் விழும், மூன்று வெளியே போகும். ஒன்பதையும் சார் உரக்க அறிவிப்பார். வயதுக்கென்று ஒரு அங்குலம்கூடத் தள்ளுபடி கிடையாது. பத்தாவதற்கு ஒன்றும் சொல்ல மாட்டார். பேசாமல் திருப்பி அடிப்பார்.

ஒரு மாதமாக சார் எர்ணாகுளத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். இரண்டு ஞாயிறு நான் மட்டும் பெரியகுளம் போய், கோர்ட்டு ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். வியாழக்கிழமை வருகிறாராம், போன் வந்தது. நேற்று மதுரைக்குப் போய், இரண்டு கடை ஏறி இறங்கி, என் மட்டைக்குப் புது நரம்பு கட்டி வாங்கி வந்திருக்கிறேன்.